அஃறிணை

பைபாஸ் ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில்
ஜெர்மன் வகுப்பு.
நைட் டியூட்டி முடித்த ஆறு நர்ஸ்கள்,
கொட்டாவியை மறைக்க ஆளுக்கொரு நோட்டு.
ஹெலன் மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்:
அங்கே கரண்டி ஆண்.
முள்கரண்டி பெண்.
கத்தி இரண்டுமில்லை.
ஏன் மிஸ், என்றாள் உசிலம்பட்டிப் பேச்சி.
ஏன்னு கேக்குறவ பாஸாக மாட்டா,
மனப்பாடம் பண்ணு.

பண்ணினேன்.
ஆரப்பாளையத்து வாடகை வீடு முழுக்க
மஞ்சள் சீட்டு ஒட்டி.
கதவு பெண், சாவி ஆண்.
சிலிண்டர் பெண், குக்கர் ஆண்:
அவள் எரிய எரிய
அவன் கூப்பாடு போடுகிறான்.
ஃப்ரிட்ஜும் ஆண்தான்.
ராத்திரி முனகலைக் கேட்டு
நானே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் பாலத்தில் வண்டியை நிறுத்தி
ஆகாயத்தாமரைக்கு அடியில்
ஓடுவதாகச் சொல்லப்படும் வைகையைப் பார்த்தேன்.
ஆறு ஆணாம்.
போடா, என்று சொல்லிப் பார்த்தேன்.
வாயில் நிற்கவில்லை.

விசா வந்தது.
அது இரண்டுமில்லை.
எனக்கு மட்டும்தான் இப்போதைக்கு;
குடும்பத்துக்கு ஒரு வருஷம் கழித்து,
வீடு கிடைத்தால், சம்பளச் சீட்டு ஒத்துக்கொண்டால்.
சோலைராஜும் பிள்ளையும் திருமங்கலத்தில்
நாத்தனார் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.
அங்கே ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிறது.

ஆண் பெண் தெரிந்த பிறகு
சாமான் விற்பது கஷ்டம்.
செல்லூரிலிருந்து வந்தவர்
அவன் கதவைத் திறந்து, மூடி, திறந்து
நாலாயிரம் என்றார்.
அஞ்சு, என்றேன்.
பின்பக்கத் துருவைக் காட்டி
நாலு இருநூறு என்றார்.
ஏற்றிக் கட்டிய பிறகும்
வயர் மட்டும் தெருவில் இழுபட்டது.
ஓடிப்போய்ச் சுருட்டிக் கொடுத்தவள் நான்.

இருபத்து மூன்று கிலோதான் அனுமதி.
பருப்புப்பொடி, மோர் மிளகாய்,
முத்திரை குத்தி வந்த சான்றிதழ்கள்,
காஸல் நகரத்துக் குளிருக்கென்று
விளக்குத்தூணில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர்
(பேச்சி சொல்கிறாள், அது கொடைக்கானலுக்கே காணாதாம்).
வீட்டில் தராசு இல்லை.
வெள்ளைப்பாண்டி அரிசிக் கடையில்
மூட்டை நிறுக்கும் இரும்புத் தட்டில்
பெட்டியை ஏற்றினோம்.
இருபத்தாறு நானூறு.
அங்கேயே திறந்து
அரிசி வாங்க வந்தவர்களுக்கு முன்னால்
ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன், செருப்பை எடுத்தேன்,
ஹெலன் மிஸ் தந்த தடித்த அகராதியைக் கையில் வைத்து
யோசித்து, அதையும் எடுத்தேன்.
இருபத்து மூன்று சரி.

பெட்டியை இறக்கியதும்
சுடர்க்கொடி ஓடிவந்து தட்டில் ஏறிக்கொண்டாள்.
என்னையும் போடுங்க மாமா.
கைகால் அசைக்காமல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
பத்தொன்பது ஐந்நூறு.
'அட, இன்னும் மூணரைக் கிலோ மிச்சம்ல,'
என்று சிரித்தார் வெள்ளைப்பாண்டி.
சோலைராஜ் அரிசியை ஒரு கைப்பிடி எடுத்து
விரலிடையில் விட்டுக்கொண்டிருந்தான்.
நான் பெட்டியின் ஜிப்பை
இரண்டாம் தடவை இழுத்து மூடினேன்.

மகள் என்றால் பெண்பால்.
குழந்தை என்றால் இரண்டுமில்லை,
அது.
பரீட்சையில் ஐம்பது சொற்களில்
நான் தப்புப் பண்ணாதது அந்த ஒன்றுதான்.
மனப்பாடமே பண்ணவில்லை.
ஏன் என்று ஹெலன் மிஸ்ஸும் கேட்கவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு
நாத்தனார் போன் பண்ணுகிறாள்.
எத்தனை மணிக்கு வேன், யார் யார் ஏர்போர்ட்டுக்கு,
பிள்ளை அழுதாளா, முழிச்சிருக்காளா?
காலியான இடத்தில், ஃப்ரிட்ஜ் நின்ற சதுரத்தில்,
தரை குளிர்ச்சியாக இருக்கிறதென்று
பாய் போடாமல் படுத்திருக்கிறாள்.
குழந்தை தூங்குது, என்கிறேன்.

இலக்கணம் சரி.
இரண்டு மொழியிலும்.